உயர வரிசை

நிர்மலா டீச்சரின் மண்டையில் எட்டுத் தையல் போட்டார்கள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஊசி உள்ளே போய் வெளியே வந்த ஒவ்வொரு தடவையும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அந்த எட்டுத் தையலும் ஒரு பாராட்டு விழாவில் கிடைத்தது. பள்ளிக்கூடத்தைக் கௌரவிக்கிறோம், டீச்சருக்கு மரியாதை செய்கிறோம் என்று ஊர் கூடி மேளம் வைத்து, தட்டெடுத்து, கடைசியில் அவர் மண்டையைப் பிளந்து அனுப்பினார்கள். கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

என் பெயர் பச்சையம்மாள். நைனார்பாளையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கிற எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் பதினோரு வருஷம் சத்துணவு சமைத்தேன். காலனிக்காரி. கோபக்காரியும்கூட, அதை ஒளித்து வைத்துப் பேச எனக்கு வராது. என் புருஷன் பிச்சைமுத்து குடித்துவிட்டு வந்து அடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் விறகுக் கட்டையால் அவர் முழங்காலில் வைத்தேன். அதற்குப் பிறகு அவர் குடிப்பதை விடவில்லை, அடிப்பதை விட்டுவிட்டார். இப்படிப்பட்டவள் ஒரு டீச்சரைப் பற்றி என்ன சொல்லிவிடப் போகிறாள் என்று நினைக்கலாம். டீச்சர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ள மாட்டார். அப்புறம் யார்தான் சொல்வது?

அவருக்குச் சொந்த ஊர் சின்னசேலம் பக்கம். முதல் வேலை கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அந்தாண்டை. ஜீப் போகிற மட்டும் ஜீப், அதற்கு மேல் நடை. அங்கே ஆறு வருஷம். மலையில் வீடுகள் சரிவுக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும், பள்ளிக்கூட மணி எந்த வீட்டுக்கும் கேட்காது. அதனால் ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஒரு பாறை மேல் ஏறி நின்று ஊதினால் எதிர்ச் சரிவிலிருந்து பிள்ளைகள் இறங்கி வருமாம். அங்கேதான் அவருடைய முன்பல் ஒன்று பாதி உடைந்தது. ஏழாவது படிக்க வேண்டிய ஒரு பெண்ணைக் கல்யாணம் கட்டிக் கொடுக்க ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். டீச்சர் ஓடிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்திருக்கிறார். மாமன்காரன் முழங்கையால் வாயிலேயே இடித்துவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் வீங்கின உதட்டோடு விசில் ஊதினாராம், காற்றுதான் வந்ததாம். "அந்தப் பொண்ணு வந்துச்சா டீச்சர்?" என்று கேட்டேன். "வரல பச்சையம்மா" என்று சொல்லிவிட்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊருக்குத் தலைமையாசிரியராக வந்த நாளிலிருந்து இரண்டு தெருவும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன. "டீச்சர் இன்னா ஆளுங்க?" ஊர்த்தெருக்காரர்கள் மறைமுகமாகக் கேட்டார்கள், எங்கள் ஆட்கள் நேராகவே கேட்டார்கள். "வாத்தியார் ஆளுங்க" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

நான் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கலாட்டா. ஊர்த்தெருவின் பெரிய தலைக்கட்டு தனசேகரன். அவர் தம்பி வீரமணி, மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். அவன் சமையல் கொட்டகைக்குள் வந்து, "எங்க புள்ளைங்களுக்கு இவ ஆக்கிப் போடுறதா?" என்று கொதிக்கிற சாம்பார் குண்டானை ஒரே உதையில் கவிழ்த்தான். என் இடது பாதம் வெந்து தோல் உரிந்தது. நான் எரிகிற விறகை உருவிக்கொண்டு நொண்டியபடியே துரத்தினேன். டீச்சர் குறுக்கே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வுடுங்க டீச்சர், அவன் மூஞ்சியில வச்சிட்டு வரேன்!"

"வச்சிட்டு? நாளைக்கு யாரு ஆக்குறது?"

அவருடைய ஸ்கூட்டியிலேயே என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போலீசுக்கு எழுதிக் கொடுத்தார். அவர்கள் வந்து, "நீங்களே பேசித் தீர்த்துக்கங்க" என்று டீ குடித்துவிட்டுப் போனார்கள். பதினைந்து நாள் கழித்து நான் திரும்பி வந்தபோது ஊர்த்தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் மத்தியானம் மணி அடித்ததும் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டன. காலனிப் பிள்ளைகள் மட்டும் வரிசையாக உட்கார்ந்தன. டீச்சர் சேலையை ஒதுக்கிக்கொண்டு அந்த வரிசையின் முதல் ஆளாகத் தரையில் உட்கார்ந்தார். "போடு பச்சையம்மா, பசிக்குது" என்றார். அன்றிலிருந்து பதினோரு வருஷம் என் கை ஆக்கின சோற்றில் முதல் கரண்டி அவர் தட்டில்தான் விழுந்தது. காய்ச்சலோடு வந்த நாளிலும் இரண்டு வாய் தின்றுவிட்டுத்தான் எழுந்தார்.

யாரிடமும் போய், பிள்ளையைச் சாப்பிட அனுப்புங்கள் என்று அவர் கெஞ்சவில்லை. ஒரு வேலை செய்தார். சாப்பிடும்போதே கதை சொல்ல ஆரம்பித்தார். சோற்றுக்கு ஆரம்பித்து ரசத்துக்கு வரும்போது ராட்சசன் கதவை உடைப்பான். அந்த நேரம் பார்த்து வீட்டுக்குப் போன பிள்ளைகள் திரும்பி வரும். மீதிக் கதை வகுப்பில். முன்பாதி கேட்காதவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏழு மாசம் போயிற்று. ஒருநாள் ஊர்த்தெருவைச் சேர்ந்த மூன்றாம் வகுப்புப் பெண் ஒன்று, "முன்னாடி கதைய எனக்கு எவளும் சொல்ல மாட்டேங்குறா" என்று அழுதுகொண்டே தட்டை நீட்டினாள். விஷயம் தெரிந்து அவள் அம்மா வந்து முடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். மறுநாள் அந்தப் பெண் கன்னத்தில் விரல் பதிந்த தழும்போடு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. அடுத்த பொங்கலுக்குள் கொட்டகையில் இடம் பத்தவில்லை.

காலையில் எட்டரைக்கு வருவார். பாடத்துக்கு முன்னால் நகவெட்டி வெளியே வரும். நகம், காதுச் சீழ், அறுந்த பித்தான், திங்கட்கிழமையானால் பேன் சீப்பு. அத்தோடு ஒவ்வொரு பிள்ளையின் முதுகையும் சட்டையைத் தூக்கிப் பார்ப்பார். எங்கள் ஊரில் பிள்ளையை அடிக்காத வீடு கிடையாது. பெல்ட்டு, புளியமிலாறு, கையில் கிடைத்தது. முதுகில் தடிப்பு இருந்தால் சாயந்திரம் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். திட்ட மாட்டார். அடித்த கையாலேயே டீ போட்டுக் கொடுக்கிற வரைக்கும் எழுந்திருக்கவும் மாட்டார். குடித்துவிட்டு, "பகல்ல இந்த முதுகு என் பொறுப்புங்க. கையெழுத்து போட்டு வாங்கியிருக்கேன். கீறல் இல்லாம அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுப்பார். என் வீட்டுக்கும் வந்திருக்கிறார். என் மகள் இலக்கியாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த மாசமே வந்தார். அன்றைக்கு நான் போட்டுக் கொடுத்த டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன், அவ்வளவு அவமானம்.

காலைப் பிரார்த்தனைக்கு மலையிலிருந்து கொண்டுவந்த அதே விசில். ஒரு ஊது ஊதினால் போதும், மைதானத்தில் எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் நாற்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஓடி வந்து உயர வரிசையில் நின்றுவிடும். குட்டையானது முன்னால், வளர வளரப் பின்னால். ஊர்த்தெரு இருபத்தேழு, காலனி இருபத்தொன்று, எல்லாம் கலந்து கிடக்கும். போன வருஷம் முதல் ஆளாக நின்றது என் இலக்கியா. ஆறு வயசு, ஆழாக்கு உயரம். கடைசி ஆளாக நின்றது தனசேகரனின் மகன் வெற்றிவேல். ஐந்தாம் வகுப்பு, அதற்குள் அவன் அப்பன் தோளுக்கு வந்துவிட்டான்.

இப்போது அந்தப் பாராட்டு விழாவுக்கு வருகிறேன். தாய்மாமன் வீட்டார் தட்டெடுத்துச் சீர் கொண்டுபோகிற மாதிரி, பள்ளிக்கூடத்துக்கு மேளதாளத்தோடு சீர் கொண்டுபோகிற வழக்கம் சில வருஷமாக எங்கள் பக்கம் பரவியிருக்கிறது. கல்விச்சீர் என்பார்கள். தட்டில் நோட்டு, பென்சில், பழம். பின்னால் நாற்காலி, மின்விசிறி, பீரோ. பக்கத்து ஊரில் செய்துவிட்டார்கள் என்றதும் எங்கள் ஊருக்கும் மானப் பிரச்சினை ஆகிவிட்டது. பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி தனசேகரனின் மனைவி கொளஞ்சியம்மாள். பெயர் அவருடையது, பேச்சு தனசேகரனுடையது. டீச்சருக்குச் சால்வை, பள்ளிக்குச் சீர், மாசி மாசம் வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார். எங்கள் காலனியிலும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு மின்விசிறி வாங்கினோம். என் பிள்ளை படிக்கிற இடத்துக்கு நான் சீர் செய்ய மாட்டேனா?

தனசேகரன் டீச்சரிடம் வந்தார். நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"காலனிக்காரங்க தட்டு ரோட்டு வழியா நேரா ஸ்கூலுக்கு வந்துடட்டுங்க டீச்சர். தெருவுக்குள்ள வேணாம்."

"ஒரு ஸ்கூலுக்கு எதுக்குங்க ரெண்டு சீரு? ஒண்ணா வந்தா வாங்கிக்கிறேன். இல்லன்னா யாரும் கொண்டாராதீங்க."

நான்கு நாள் இழுபறி. அந்தத் தெருவுக்குள் எங்கள் சாவு மேளமும் போனதில்லை, கல்யாண மேளமும் போனதில்லை. பிள்ளைகள்கூட கரும்புக் கொல்லை வரப்பு வழியாகத்தான் பள்ளிக்கு வரும். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெரியவர்கள் தட்டெடுக்க வேண்டாம், பிள்ளைகளே எடுக்கட்டும். மாரியம்மன் கோயிலிலிருந்து தெரு வழியாக வரட்டும். ஊர்த்தெருப் பிள்ளைகள் முன்னால், காலனிப் பிள்ளைகள் பின்னால். மஞ்சள் குங்குமம் வைத்த முதல் தட்டு வெற்றிவேல் கையில். டீச்சர் "சரி" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்களுமா டீச்சர்? பின்னாடி வான்னு எங்க புள்ளைங்கள நீங்களும் சொல்லிட்டீங்களா?"

"அந்தத் தெருவுல மொதல்ல நடக்கட்டும் பச்சையம்மா. நடந்தாப் போதும் இந்த வருஷத்துக்கு."

மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. சோற்றை மட்டும் போட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் கொட்டகையில் பெரிய துடுப்பை வைத்துக் கேசரி கிளறிக்கொண்டிருந்தேன். கோயில் வாசலில் நடந்ததை இரண்டாவது வாத்தியார் இளவரசன் சார்தான் பின்னால் சொன்னார். பிள்ளைகள் சொன்னபடிதான் நின்றிருக்கிறார்கள். மேளம் ஆரம்பித்ததும் எவனோ சரவெடியைப் பிள்ளைகள் காலடியிலேயே கொளுத்திப் போட்டிருக்கிறான். பிள்ளைகள் அலறிச் சிதறின. தட்டோடு ஒன்று நெருப்பை நோக்கியே ஓடியது. டீச்சர் பதறிப்போய், கழுத்தில் கிடந்ததை எடுத்து ஊதிவிட்டார்.

அவ்வளவுதான். நாற்பத்தெட்டும் ஓடி வந்து நின்றன, தினமும் நிற்கிற மாதிரியே. என் இலக்கியா முதலில், வெற்றிவேல் கடைசியில். அவன் கையில் முதல் தட்டு இருந்தது. "டேய், இது மொதோ ஆளுதுடா, முன்னாடி குடுங்க" என்று அவனே தட்டை வரிசையில் கொடுத்தான். கை மாறி, கை மாறி, அது என் மகளிடம் வந்து சேர்ந்தது. மேளக்காரர்கள் வரிசை தயார் என்று நினைத்து நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். டீச்சர் பார்த்தார் என்று இளவரசன் சார் சொல்கிறார். பார்த்துவிட்டு விசிலை மறுபடி எடுக்கவில்லை.

தெருவில் முப்பது நாற்பது அடி போயிருக்கும். வீரமணி முன்னால் வந்து பார்த்தான். என் மகளின் கையிலிருந்த தட்டை எட்டி உதைத்தான். குங்குமம் அவள் முகமெல்லாம் அப்பியது. "காலனி நாய்க்கு மொதோ தட்டா?" என்று கன்னத்தில் ஓங்கி அறைந்தான். ஆறு வயசுப் பிள்ளை சாக்கடை ஓரத்தில் போய் விழுந்தது. தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவள் அப்பா ஓடி வந்து வீரமணியின் கழுத்தைப் பிடித்தார். அதோடு தெரு வெடித்தது. கல், செருப்பு, பந்தல் சவுக்குக் கட்டை, சீருக்கு வந்த பிளாஸ்டிக் நாற்காலி என்று எதுவும் மிச்சமில்லை. ஒரு கிழவரின் காது கிழிந்து தொங்கியது. என் புருஷனை நான்கு பேர் கீழே தள்ளி விலாவில் மிதித்தார்கள். சத்தம் கேட்டு நான் துடுப்போடு ஓடி வந்தபோது டீச்சர் சாக்கடை ஓரம் மண்டியிட்டு, கைக்கு எட்டின மூன்று பிள்ளைகளைத் தன் அடியில் போட்டு மூடிக்கொண்டிருந்தார். இலக்கியாவின் பாவாடை தெரிந்தது.

நாங்கள் சீராகக் கொடுத்த மின்விசிறியின் இறக்கை ஒன்று வீரமணி கையில் இருந்தது. அதை அவன் ஓங்கி இறக்கினான். டீச்சரின் தலையில் விழுந்த சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. இரண்டாவது தடவை ஓங்குவதற்குள் நான் துடுப்பால் அவன் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிந்தது. தோளில் ஒன்று போட்டேன். விழுந்தான். மூன்றாவதை மண்டைக்கு ஓங்கிவிட்டேன். கொன்றிருப்பேன், சத்தியமாகக் கொன்றிருப்பேன். என் காலை யாரோ பிடித்தார்கள். கீழே பார்த்தால் டீச்சர், முகம் முழுக்க ரத்தம், ஒரு கண் திறக்க முடியவில்லை.

"பச்சையம்மா, புள்ளைங்க பாக்குதுங்க" என்றார்.

துடுப்பைக் கீழே போட்டேன்.

பதின்மூன்று பேர் ஆஸ்பத்திரியில். இரண்டு பக்கமும் கேஸ். என் மேல் கொடுங்காயம் ஏற்படுத்தியதாக ஒரு கேஸ், அதோடு வேலையிலிருந்து ஏன் நீக்கக் கூடாது என்று ஒரு நோட்டீஸ். இலக்கியாவுக்கு மூன்று நாள் காய்ச்சல். தூக்கத்தில் கையை முகத்துக்கு முன்னால் தூக்கித் தூக்கிப் போட்டாள்.

ஐந்தாம் நாள் தனசேகரன் ஆப்பிள் பையோடு டீச்சரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"நடந்தது நடந்துபோச்சுங்க டீச்சர். நாளன்னைக்கு ஸ்கூல்ல சமாதானக் கூட்டம். ஆபீசருங்க வராங்க. நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. புள்ளைங்க தெரியாம தப்பா நின்னுட்டாங்க, அதான் கலாட்டா ஆயிடுச்சுன்னு. எங்க ஆளுங்களுக்கு மனசு ஆறிடும். ரெண்டு பக்கமும் கேஸ வாபஸ் வாங்கிக்கலாம். இந்தப் பொம்பளைக்கும் வேலை நிக்கும்."

"சொல்லலன்னா?"

"இருபத்தேழு டி.சி. எழுதி வச்சிடுங்க. அப்புறம் அந்த ஸ்கூல இழுத்துப் பூட்டிட்டுப் போவ வேண்டியதுதான்."

அவர் போன பிறகு டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். எனக்கு ஒரே யோசனைதான். வேலை. பிச்சைமுத்து விலா உடைந்து கிடக்கிறார், கேஸ் நடத்த வக்கு இல்லை, அடுப்பு எரிய வேண்டும்.

"சொல்லிடுங்க டீச்சர்" என்றேன். "ஒரு வார்த்தைதான? உங்க வாயி தேஞ்சா போயிடும்? மானத்த வச்சிக்கினு நான் இன்னா பண்றது, ஒலையிலயா போட முடியும்?"

அவர் என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"சரி. உனக்காகச் சொல்றேன். ஆனா இலக்கியாகிட்ட நீ முன்னாடியே சொல்லிடு. கூட்டத்துக்கு அவளும் வருவா. மொத மொதல்ல அதை அவ என் வாயால கேக்க வேணாம்."

இது என்ன பெரிய விஷயம் என்று வீட்டுக்கு வந்தேன். இலக்கியா சோறு தின்றுகொண்டிருந்தாள். கன்னத்தில் இன்னும் கன்றியிருந்தது.

"தா பாருடி, அன்னிக்கு நீ தப்பா நின்னுட்ட. புரிஞ்சுதா?"

"நான் தப்பா நிக்கலையே. டீச்சர் விசில் அடிச்சாங்க, நின்னேன்."

"முன்னாடி நின்னது தப்பு."

சோற்றுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தாள். "அப்போ நான் எங்கம்மா நிக்கணும்?"

பின்னாடி என்று சொல்லலாம். எவ்வளவு பின்னாடி? யாருக்குப் பின்னாடி? எத்தனை வருஷத்துக்கு? அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறி, அவள் கன்றின கன்னத்திலேயே ஒன்று வைத்துவிட்டேன். பாவி. வீரமணி அடித்த அதே இடத்தில். அவள் அழவில்லை. கண்ணில் தண்ணீர் நிற்க, மறுபடியும் கேட்டாள்.

"எங்கம்மா நிக்கணும்?"

அவளைக் கட்டிக்கொண்டு நான்தான் அழுதேன்.

கூட்டம் பள்ளி மைதானத்தில். ஒரு பக்கம் ஊர்த்தெரு, ஒரு பக்கம் காலனி, நடுவில் அதிகாரிகள், சுற்றிப் போலீஸ். வீரமணி மாவுக்கட்டுப் போட்ட கையை நெஞ்சில் தொங்கவிட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். டீச்சர் தலையில் கட்டோடு வந்தார். பிள்ளைகளையும் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். நடுவில் இருந்த அதிகாரி, "தலைமையாசிரியர் ஏதோ சொல்லணும்னாங்களே" என்றார். டீச்சர் எழுந்தார். சொல்லத்தான் எழுந்தார். எனக்குக் கொடுத்த வாக்கை அவர் தவற மாட்டார் என்று எனக்குத் தெரியும். மேசையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் இருந்த பக்கம் திரும்பாமல் நின்றார்.

"என் பொண்ணு சரியாத்தான் நின்னா!"

அது என் குரல் என்று எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"தெனம் எங்க நிப்பாளோ அங்கதான் நின்னா. எவன் புள்ளையும் தப்பா நிக்கல. தப்பு பண்ணது பெரியவங்க. அவன் கைய ஒடச்சது நான்தான், அதையும் இல்லைங்கல. ஜெயில்ல போடுறதுன்னா போடுங்க. டீச்சர், நீங்க அந்தப் பொய்யச் சொல்லாதீங்க. எனக்கு வேணாம்."

வீரமணி எழுந்து நாற்காலியை உதைத்துக்கொண்டு பாய்ந்தான், இரண்டு போலீஸ்காரர்கள் அமுக்கினார்கள். "வேலைய வுட்டு அனுப்புங்க சார் இவள!" என்று கூச்சல். எங்கள் பக்கமும் எழுந்துகொண்டது. அந்தக் கூச்சலுக்குள் டீச்சர் பேசினார். சத்தம் போட்டுப் பேசவில்லை, வகுப்பில் பேசுகிற மாதிரியேதான்.

"ஆமாங்க சார். நாப்பத்தெட்டும் சரியாத்தான் நின்னுச்சு. ஒண்ணுகூட தப்பா நிக்கல. விசில் ஊதினது நான். எழுதிக்கங்க."

மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

என் வேலை போய்விட்டது. இப்போது கரும்பு வெட்டப் போகிறேன், மாசா மாசம் கள்ளக்குறிச்சிக் கோர்ட்டில் போய் நிற்கிறேன். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். இருபத்தேழு டி.சி. என்று மிரட்டினார்கள், பத்தொன்பது பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். பத்தொன்பதையும் டீச்சர்தான் எழுதினார், நடத்தை என்ற இடத்தில் எல்லாவற்றிலும் 'மிக நன்று' என்று எழுதினார் என்று இளவரசன் சார் சொன்னார். வெற்றிவேல் ஐந்தாம் வகுப்பு முடியும் முன்பே வேன் ஏறி வேறு பள்ளிக்குப் போய்விட்டான். டீச்சரை மாற்றச் சொல்லி மனு மேல் மனு. அவர் இருபத்தொன்பது பிள்ளைகளோடு இருக்கிறார். காலையில் நகம் வெட்டுகிறார், மத்தியானம் தரையில் உட்கார்ந்து புதிய சமையல்காரியின் சோற்றை முதலில் வாங்கித் தின்கிறார். தட்டெடுத்து மேளம் வைத்து அவரைப் பாராட்ட இனி இந்த ஊரில் யாருக்கும் துணிச்சல் வராது. வரவும் வேண்டாம்.

கூட்டம் முடிந்த மறுநாள் காலை இலக்கியாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். பள்ளிக்குப் போகப் பயந்தாள். சீருடை போட மாட்டேன் என்றாள், போட்டாள், பை வேண்டாம் என்றாள், எடுத்தாள். ரிப்பன் கட்டும்போது தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

"எங்கம்மா நிக்கணும்?"

"முன்னாடி நில்லு" என்றேன். "ஒன்ன வுட குள்ளமா எவளாவது வந்தா அவளுக்குப் பின்னாடி நில்லு."

விரலை மடக்கி மடக்கி யோசித்தாள். "யாரும் இல்லம்மா. நான்தான் குள்ளம்" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.